சமைத்த கையின் நினைவு

காப்ளர் என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் வீட்டுப் பலகாரம். பழத்தைச் சர்க்கரையோடு ஆழமான தட்டில் இட்டு, மாவு சேர்த்து, ஓவனில் வேகவைப்பது அதன் செய்முறை. பீச் பழத்தில் செய்வதே பெருவழக்கு. பிளாக்பெர்ரி, ஆப்பிள், செர்ரி என்று அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதிலும் செய்வார்கள். வீடுகளில் பரவலாக உள்ள ஒரு முறையில், வெண்ணெயைத் தட்டிலேயே உருக்கி, அதன்மேல் மைதா, பால், சர்க்கரை, பேக்கிங் பவுடர் சேர்த்துக் கரைத்த மாவை ஊற்றி, அதற்கும் மேலே பழத்தைச் சாற்றோடு பரப்புகிறார்கள். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது என்பது மட்டுமே கண்டிப்பான விதி. சூடு ஏற ஏற மாவு நுரைத்து மேலெழும்பும். மேலே கிடந்த பழம் அடிக்குப் போகும். முக்கால் மணி நேரத்தில் நடுப்பகுதி பொன்னிறமாக உப்பி நிற்கும். ஓரத்தில் சாறு பொங்கி வழிந்து, பாகாக முறுகி, தட்டின் விளிம்பில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த முறுகல்தான்.

இதன் பிறப்பு இல்லாமையோடும் இடப்பெயர்வோடும் சேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு, ஊரில் செய்த மாட்டுக்கொழுப்புப் புட்டிங்குகளுக்கு வேண்டிய பொருளும் பாத்திரமும் புது மண்ணில் எளிதில் வாய்க்கவில்லை. அடுப்புத் தணலில் இரும்புச் சட்டியை வைத்து, மூடியின்மேலும் தணலை அள்ளிப் போட்டு, இருந்த மாவையும் கிடைத்த பழத்தையும் வைத்துச் சமாளித்தார்கள். பீச் பழமும் வந்தேறிதான்: சீனாவில் தோன்றி, பாரசீகம் வழியாக ஐரோப்பா போய், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு அமெரிக்கா சேர்ந்தது. 1839இல் வெளிவந்த லெட்டிஸ் பிரையனின் 'தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்' என்ற சமையல் நூல், பீச் காப்ளர் விருந்தாளிகளுக்கு முன் வைக்கும் நாகரிகப் பண்டம் அல்ல, வீட்டாருக்கு மிக நல்லது என்ற பொருளில் சொல்கிறது. 1859இல் வந்த ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட்டின் அமெரிக்கச் சொல்லகராதி, தடித்த மாவைச் சட்டியின் உட்புறம் ஒட்டி அதற்குள் பழத்தை இட்டுச் சுடும் பண்டம் என்று அதை விளக்குகிறது. இன்று பெரும்பாலான காப்ளர்களுக்கு அடிமாவே கிடையாது. பெயர் நிலைத்திருக்க, பண்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

விருந்துக்கு அல்ல, வீட்டுக்கு என்ற அந்தக் குறிப்பிலிருந்தே இந்தப் பலகாரம் எழுப்பும் கேள்வியும் தொடங்குகிறது. கடைப் பண்டத்துக்கு ஒரு சுவை உண்டு. வீட்டுப் பண்டத்துக்குச் செய்தவரும் உண்டு. தாயோ பாட்டியோ மறைந்து பல ஆண்டுகள் ஆனபின், அவர் செய்த காப்ளரை மகளோ பேரனோ செய்து வாயில் வைத்து, "அதேதான்" என்று சொல்வது அமெரிக்கக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது. சொல்பவரின் கண் கலங்குவதும் உண்டு. அந்த 'அதே' எதைக் குறிக்கிறது? தட்டில் இருப்பதையா, உண்பவரையா, முன்பு செய்த கையையா? போனவரில் ஏதேனும் ஒன்று உண்மையிலேயே திரும்பி வருகிறதா, அல்லது நாக்கு மனத்துக்குக் காட்டும் தோற்றம்தானா? நினைவு, ஆன்மா, மறைந்தோருக்குச் செய்யும் கடன் என்று மெய்யியலும் சமயமும் நெடுங்காலமாகப் பேசிவருகிற மூன்று பொருள்களும் ஓர் அடுப்பங்கரையில் கூடும் இடம் இது.

உடலில் நடப்பதை முதலில் பார்க்கலாம். சுவை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு மணம். மெல்லும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. நாக்கு தருவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற அடித்தளம்தான். பீச் பழத்தைப் பீச் என்று காட்டுவது லாக்டோன் வகைச் சேர்மங்களின் மணம். மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தாலமஸ் என்ற இடைவாயிலைத் தாண்டியே புறணிக்குப் போகின்றன. மணம் மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸை அடுத்த பகுதிகளுக்கும் நேரே சேர்கிறது. மணம் கிளப்பும் நினைவுகள் வாழ்வின் முதல் பத்தாண்டுகளைச் சேர்ந்தவையாகவே மிகுந்திருப்பதாகவும் உளவியல் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பட்டையும் வெண்ணெயும் சேர்ந்து சூடேறும் மணம், பெயரோ முகமோ நினைவுக்கு வருமுன்பே ஒரு சமையலறையின் வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிடுவது இதனால்தான். ஆனால் வழியைச் சொல்வது, வந்து சேர்ந்தது என்ன என்பதைச் சொல்லிவிடாது.

அந்தக் கேள்வியைச் சமையல் உவமையாலேயே கேட்டவர் புனித அகுஸ்தினார். கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில், எதையும் முகராத நேரத்திலும் லில்லி மலரின் மணத்தை வயலட் மலரின் மணத்திலிருந்து தம் மனம் பிரித்தறிவதைக் கண்டு வியக்கிறார். கடந்துபோன துயரத்தை இன்று துயரப்படாமலே நினைக்க முடிவதும் அவருக்குப் புதிர். நினைவு மனத்தின் வயிறு போன்றது, மகிழ்ச்சியும் துயரும் இனித்தும் கசந்தும் உள்ளே போன உணவு, வயிற்றில் சேமிக்கலாம், அங்கே அவற்றைச் சுவைக்க முடியாது என்கிறார். அசைபோடும்போது மட்டும் அந்த இனிப்பும் கசப்பும் ஏன் வாய்க்குத் திரும்புவதில்லை என்றும் கேட்டுக்கொள்கிறார். உவமை சிரிப்புக்கிடமானதோ என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. அந்தத் தயக்கம் தேவையே இல்லை. நினைவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட நேரான வரிகள் குறைவு. ஒன்று மட்டும் அதில் விடுபட்டது. உணவே நினைவைக் கிளப்பும்போது, வயிற்றில் சுவையற்றுக் கிடந்தது வாய்க்குத் திரும்பிவிடுகிறது. பாட்டி செய்த பண்டத்தின் மணத்தில் அழுபவர், பழைய துயரைத் தூரத்திலிருந்து எண்ணிப் பார்ப்பவர் அல்லர்; அவருக்கு அது இப்போது கசக்கிறது, இப்போது இனிக்கிறது.

இந்திய மெய்யியலில் இதே இடத்தை நியாய மரபு வேறு திசையிலிருந்து தொடுகிறது. கௌதமரின் நியாய சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தில், புலன்களுக்கு அப்பால் ஆன்மா உண்டு என்பதற்குத் தரும் காரணங்களில் ஒன்று, ஒரு புலன் கண்டதற்கு வேறொரு புலன் அசைவது. வாத்ஸ்யாயனரின் உரை இதற்குப் புளிப்புப் பழத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. பழத்தைப் பார்ப்பது கண். எச்சில் ஊறுவது நாக்கில். கண்ணுக்குப் புளிப்புத் தெரியாது, நாக்குக்கு நிறம் தெரியாது. முன்பு இரண்டையும் சேர்த்து அனுபவித்து, இன்று ஒன்றைக் கண்டதும் மற்றதை நினைத்து விரும்பும் ஒருவர் உள்ளே இருந்தால்தான் நாக்கில் நீர் ஊற முடியும். வெட்டிய பீச் பழம் கிண்ணத்தில் கிடப்பதைக் கண்டதும் வாய் ஊறுகிறதே, அந்தச் சிறு நிகழ்ச்சியே ஆன்மாவுக்குச் சான்று என்பது இந்த வாதம். நினைவைப் பற்றி நியாயர்கள் மற்றொன்றும் உறுதியாகச் சொன்னார்கள்: ஒருவர் கண்டதை வேறொருவர் நினைவுகூர முடியாது. குழந்தையாய் இருந்து தின்றவரும் இன்று தின்று "அதேதான்" என்பவரும் ஒருவராகவே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல் பிறக்காது.

பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. நாகசேன தேரருக்கும் கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த 'மிலிந்த பஞ்ஹா' என்ற பாலி நூலில் ஒரு மாம்பழத் திருடன் வருகிறான். பிடிபட்டதும் அவன் வாதாடுகிறான்: தோட்டக்காரர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த மாம்பழம் வேறு, அவருடையதை நான் எடுக்கவில்லை. மன்னனோ அவன் குற்றவாளியே என்கிறான், ஏனென்றால் பறித்த பழம் நட்ட கொட்டையைச் சார்ந்தே வந்தது. அதுவும் அல்ல, வேறும் அல்ல என்பது நாகசேனர் தரும் விடை. பிறவி தாண்டி வினை எப்படித் தொடர்கிறது என்பதை விளக்கச் சொன்ன கதை இது. காப்ளருக்கு அப்படியே பொருந்துகிறது. இன்று செய்யும் காப்ளரில் பாட்டியின் காலத்துப் பொருள் எதுவும் இல்லை. 1870களில் ஜார்ஜியாவில் சாமுவேல் ரம்ஃப் உருவாக்கி, மனைவியின் பெயரைச் சூட்டி, பல பத்தாண்டுகள் சந்தையை ஆண்ட எல்பர்ட்டா பீச் பழத்தின் இடத்தை இன்று வேறு வகைகள் பிடித்துவிட்டன. பன்றிக்கொழுப்பு இருந்த இடத்தில் வெண்ணெய். விறகடுப்பு போய் மின்சார ஓவன் வந்துவிட்டது. குளிர்காலமானால் டப்பா பழம். ஆனாலும் இன்றைய தட்டு அந்தத் தட்டைச் சார்ந்தே வந்தது. பண்டத்தைப் பொறுத்தவரை 'அதே' என்பதற்கு இதைவிடப் பெரிய பொருளைத் தேட வேண்டியதில்லை.

தட்டில் இருப்பதற்கு நாகசேனர் போதும். சுவைப்பவருக்குப் போதாது. மாம்பழம் தன் கொட்டையை நினைப்பதில்லை. பேரன் பாட்டியை நினைக்கிறான். தொடர்ச்சி என்பது வேறு, தொடர்ச்சியை அறிவது வேறு. அந்த அறிதலுக்கு நியாயர்கள் கேட்ட ஒருவர் தேவைப்படவே செய்கிறார். ஆனால் அவர்களுடைய விதி அடுப்பங்கரையில் ஒரு சங்கடத்தைச் சந்திக்கிறது. அதைக் காண, உண்பவரை விட்டுச் சமைப்பவரின் பக்கம் வர வேண்டும்.

நினைவும் சுவையும் பற்றிய பேச்சில் சமைப்பவர் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறார். 1913இல் வெளியான மார்செல் புரூஸ்தின் நாவலில், தேநீரில் நனைத்த மதலேன் கேக்கின் ஒரு துணுக்கு, கதைசொல்லியின் பால்ய ஊரையே எழுப்பிக்கொண்டு வருகிறது. உலகம் முழுதும் அறிந்த காட்சி அது. அது முழுக்க உண்பவரின் நினைவு. மாவைப் பிசைந்தவருக்கு அந்தக் காட்சியில் இடமில்லை. பிளேட்டோவின் 'கோர்கியஸ்' உரையாடலிலோ சமையல் கலையே இல்லை. சாக்ரடீஸ் அதை வெறும் பழக்கம் என்றும், மருத்துவம்போல் வேடமிட்டு உடலுக்கு முகத்துதி செய்வது என்றும் தள்ளிவிடுகிறார். காரணம், தான் செய்வதற்குக் காரணம் சொல்லச் சமையலுக்குத் தெரியாது என்பது.

காரணம் சொல்லத் தெரியாது என்பது பாதி உண்மை. பழத்தின்மேல் மாவை மூடிச் செய்யும் இன்னொரு முறையில், அந்த மேல்மாவுக்கு வெண்ணெயை மாவில் எதுவரை உதிர்க்க வேண்டும் என்று கேட்டால், வழிவழியாகச் செய்துவரும் ஒருவர் அளவு சொல்ல மாட்டார். பட்டாணி அளவுத் துண்டுகள் கையில் தட்டுப்படும் வரை என்பார். பிறகு அதுவும் சரியில்லை என்று எண்ணி, கேட்டவரின் விரல்களைப் பிடித்து மாவுக்குள் வைத்துவிடுவார். மாவு விரலிடுக்கில் குளிர்ச்சியாக உதிர வேண்டும். பிசுக்கென்று ஒட்டினால் கை சூடாகிவிட்டது, நிறுத்த வேண்டும். தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: பதம். பதம் கற்றவர்கள் அதைச் சொல்வதில்லை, காட்டுகிறார்கள். நல்ல சமையலைக் கைமணம் என்று புகழும் மொழி, அறிவு இருக்குமிடத்தைச் சரியாகவே கண்டு வைத்திருக்கிறது. ஆங்கில மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல் எழுதிய நூலில், செய்யத் தெரிவதை விதியை அறிவதாகச் சுருக்க முடியாது என்று காட்டினார். ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் ஒரு விதியை நினைத்தாக வேண்டுமென்றால், அந்த விதியைச் சரியாக நினைப்பதற்கு இன்னொரு விதி வேண்டும். அதற்கு முடிவே இராது. சமையல்காரர் குறிப்பை மனத்துக்குள் ஒப்பித்துவிட்டா சமைக்கிறார் என்பதும் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

ரைலுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1896இல், ஆன்ரி பெர்க்சன் நினைவை இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பாடத்தைப் பலமுறை படித்து மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு வகை நினைவு உண்டு. ஒன்று, பாடமே நாவில் தங்கிவிட்டது; அது நடப்பதைப்போல, எழுதுவதைப்போல உடலின் பழக்கம். மற்றது, இன்ன நாளில் இன்ன இடத்தில் படித்தது என்ற காட்சி. அது ஒருமுறை நடந்தது, தேதி உள்ளது, மீண்டும் வராதது. பெர்க்சன் இரண்டாவதையே உண்மையான நினைவு என்று உயர்த்தினார். முதலாவது அவருக்கு ஏறக்குறைய இயந்திரம்.

சமையலறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. பாட்டியின் உள்ளே இருந்த காட்சிகள், அவர் சிறுமியாய் ஏறிய பீச் மரம், அவருடைய தாயின் முகம், ஒரு பஞ்ச காலத்துக் கோடை ஆகிய எல்லாம் அவரோடு போய்விட்டன. ஒருவர் கண்டதை மற்றவர் நினைவுகூர முடியாது என்ற நியாயர்களின் விதி இங்கே இரக்கமின்றிச் செல்லுபடியாகிறது. ஆனால் மாவை உதிர்க்கும்போது கட்டை விரலை நடுவிரலின்மேல் வழுக்கும் அவருடைய வழக்கம் மகளின் கைக்கு வந்துவிட்டது, மகளிடமிருந்து பேரனுக்கு வந்துவிட்டது. பேரனுக்கு அது யாருடைய அசைவு என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். காட்சி நினைவு உரியவரோடு மடிகிறது; கை நினைவு ஆள் மாறுகிறது. பெர்க்சன் தாழ்த்தி வைத்த வகைதான் மரணத்தைத் தாண்டிப் போகிறது. "அதேதான்" என்ற சொல்லுக்கு மிக உறுதியான பொருள் இங்கேதான் கிடைக்கிறது: பண்டம் சார்ந்து வந்தது, உண்பவர் நினைக்கிறார், ஆனால் எந்த உருவகமும் இல்லாமல் தொடர்வது கையின் செயல் மட்டுமே.

எழுத்து இந்த நினைவைப் பாதியளவே தாங்கும். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர் 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் தம் தென்னகச் சமையல் நூலை வெளியிட்டார். அவருக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல வேறு சிலர் எழுதினார்கள். சோளமும் அவரையும் சேர்த்துச் செய்யும் சக்கட்டாஷ் என்ற பண்டம் அதில் 'சர்க்யூட் ஹாஷ்' என்று அச்சாகியிருக்கிறது. எழுதியவரின் காது அப்படித்தான் வாங்கியது. காதைத் தாண்டும்போதே பெயர் இவ்வளவு மாறுமென்றால், விரலில் இருந்ததில் எவ்வளவு தாளுக்கு வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அப்படியும் அந்த நூல் இல்லாவிட்டால் ஒன்றுமே வந்திராது. எழுதிய குறிப்பை இகழ்ந்து, கைப்பழக்கத்தை மட்டும் போற்றுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

தாளையும் கையையும் மிக நெருக்கமாகக் கொண்டுவந்தவர் எட்னா லூயிஸ். 1916இல் வர்ஜீனியாவில் ஃப்ரீடவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் சேர்ந்து அமைத்த ஊர் அது. அவருடைய தாத்தாவும் அவர்களில் ஒருவர். பின்னாளில் நியூயார்க்கில் புகழ்பெற்ற சமையல் கலைஞராகி, 1976இல் 'தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்' என்ற நூலை எழுதினார். அது சமையல் குறிப்பு நூல். அதே அளவுக்கு ஓர் ஊரின் ஆண்டுக் குறிப்பும் ஆகும். வசந்தத்தில் தொடங்கிப் பருவம் பருவமாகப் போகிறது. அளவுக்கரண்டி இல்லாத அந்த வீடுகளில் பேக்கிங் பவுடரைக் காசின்மேல் குவித்து அளந்ததைச் சொல்கிறார். கேக் வெந்துவிட்டதா என்பதை அவர் காதால் அறிவார்: வேகும் கேக் உள்ளே மெல்லக் குமிழியிட்டு முணுமுணுக்கும்; ஒலி ஏறக்குறைய அடங்கியதும் வெளியே எடுக்க வேண்டும். பதத்தைத் தாளில் இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் மிகச் சிலர்.

அந்த நூலில் சமயம் தனியே பேசப்படுவதில்லை, சாப்பாட்டோடு கலந்தே வருகிறது. ஆகஸ்ட் மாதத்தில் தேவாலயத்தில் நம்பிக்கையைப் புதுப்பிக்கும் ரிவைவல் வாரம் நடக்கும். பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனவர்கள் ஊர் திரும்புவார்கள். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் செய்துகொண்டுவந்ததை மரத்தடியில் நீண்ட மேசைகளில் பரப்பி வைப்பார்கள். அறுவடைக்கால நன்றி விழாவின் இடத்தில் ஃப்ரீடவுன் மக்கள் அடிமை ஒழிப்பு நாளைக் கொண்டாடியதையும் லூயிஸ் பதிந்திருக்கிறார். அங்கே மேசையில் இருந்தது வெறும் விருந்து அல்ல. தம் அடுப்பு தம்முடையதே என்று சொல்ல உரிமையற்று இருந்தவர்களின் மக்கள், தம் வீட்டில், தம் மாவில், தம் பிள்ளைகளுக்காகச் சமைத்தது.

கை நினைவு ஆள் மாறும் என்பதைச் சமயங்கள் மெய்யியலாளருக்கு முன்பே அறிந்து வைத்திருந்தன. யூதரின் பாஸ்கா இரவில் ஹரோசெத் என்ற பழக்கலவை மேசைக்கு வருகிறது. கிழக்கு ஐரோப்பிய மரபினர் ஆப்பிள், அக்ரூட், பட்டை, திராட்சை மது சேர்த்து அரைப்பார்கள். ஈராக்கிய யூதர் பேரீச்சம்பாகில் செய்வார்கள். எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அடுக்கிய முன்னோர் குழைத்த சாந்தை அது நினைவூட்டுகிறது. தாமே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக ஒவ்வொருவரும் தம்மைக் கருத வேண்டும் என்பது அந்த இரவைப் பற்றி யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தரும் விதி. ஒருவர் கண்டதை மற்றவர் நினைவுகூர முடியாது என்ற தடைக்கு இது நேரான மறுமொழி. காட்சியைக் கைமாற்ற முடியாது. ஆகவே செயலைக் கைமாற்றுகிறார்கள். கிறித்தவரின் நற்கருணையும் அந்தப் பாஸ்கா மேசையிலிருந்தே கிளைத்தது. அங்கும் கட்டளை நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நினைவாகச் செய்யச் சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பும் சமயத்துக்குள்ளேயே உண்டு. 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் அகுஸ்தினார் தம் தாய் மோனிக்காவைப் பற்றிச் சொல்கிறார். வட ஆப்பிரிக்க வழக்கப்படி, மறைசாட்சிகளின் நினைவிடங்களுக்கு அவர் கூழும் ரொட்டியும் திராட்சை மதுவும் கூடையில் எடுத்துப் போவார். தண்ணீர் கலந்த ஒரே ஒரு சிறு கோப்பையைத்தான் எல்லா இடத்துக்கும் கொண்டுபோய், வந்தவர்களோடு பகிர்ந்துகொள்வார். மிலான் நகரில் வாயிற்காவலர் அவரைத் தடுத்துவிட்டார். ஆயர் அம்புரோஸ் அதற்குத் தடை விதித்திருந்தார்: குடிக்குச் சாக்காகிவிடக் கூடாது, மறைந்தோருக்கு உணவு படைத்த பழைய ரோமானிய வழக்கத்தைப்போல அது இருக்கிறது. மோனிக்கா உடனே பணிந்தார். கூடைக்குப் பதிலாக வேண்டுதல் நிறைந்த நெஞ்சைக் கொண்டுபோகக் கற்றார் என்கிறார் மகன். அம்புரோஸ் அல்லாத வேறொருவர் தடுத்திருந்தால் அவ்வளவு எளிதில் இணங்கியிருப்பாரா என்ற ஐயத்தையும் அவர் மறைக்கவில்லை.

மறைந்தவருக்குப் பிடித்ததைச் செய்து படைக்கும் தமிழ் வீடுகளுக்கு அந்தக் கூடை அந்நியமாகத் தோன்றாது. அம்புரோஸின் அச்சத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது: மாண்டோர் பசித்திருக்கிறார்கள் என்று எண்ணினால் அன்பின் இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் மோனிக்காவின் கை இழந்தது சிறியதல்ல. கூழைக் காய்ச்சுவதும் கூடையில் அடுக்குவதும் சுமந்து நடப்பதும் அவருடைய வேண்டுதலின் பகுதியாகவே இருந்தன. நெஞ்சுக்குள் செய்யும் வேண்டுதலை மகள் பக்கத்தில் நின்று கற்க முடியாது. கூழ் காய்ச்சுவதைக் கற்கலாம்.

கை நினைவைப் புகழ்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. பழைய சமையலறையை எண்ணும்போது வரும் இனிய ஏக்கத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688இல் பாசல் நகரில் யோகனெஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கியது ஒரு நோய்க்குப் பெயராக. நினைவு இனிக்க இனிக்க, அதில் யார் உழைத்தார் என்பது மங்கும். தென்மாநிலத்துச் செல்வர் வீடுகளில், உள்நாட்டுப் போருக்கு முன், காப்ளர் மாவை உதிர்த்தவை பெரும்பாலும் அடிமைப் பெண்களின் கைகள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பின்னாளில் பாசத்தோடு நினைத்துக்கொண்ட சுவை, சம்பளமும் விடுதலையும் இல்லாத ஒருவரின் கைமணம். அவருடைய சொந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று அந்த நினைவுகளில் வருவதில்லை. டோனி டிப்டன்-மார்ட்டின் 2015இல் வெளியிட்ட 'தி ஜெமிமா கோட்', இரண்டு நூற்றாண்டுக் காலத்து ஆப்பிரிக்க அமெரிக்கச் சமையல் நூல்களைத் தொகுத்துக் காட்டி, பெயரில்லாமல் போன அந்தக் கைகளுக்குப் பெயர்களைத் தேடித் தந்தது. "பாட்டியின் காப்ளர்" என்று சொல்பவர்கள் பாட்டிக்கு அதைக் கற்பித்தது யார் என்றும் கேட்க வேண்டும். கை நினைவு உண்மையானது என்றால், அந்தக் கையின் சொந்தக்காரருக்கு அது கடன்பட்டது.

கைமாறாமல் நின்றுபோகும் நினைவுகளும் உண்டு. குறிப்பு எழுதாமலும் யாரையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டாமலும் ஒருவர் மறைந்துவிட்டால், எஞ்சுவது உண்டவர்களின் நாக்கு மட்டும். அப்போது பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிச் செய்து பார்ப்பார்கள். மூத்தவர் ஜாதிக்காய் போட்டிருப்பார் என்பார். இளையவர் இல்லை, பட்டைதான் என்பார். முதல் தட்டு இனிப்பு மிகுந்துவிடும். இரண்டாவதில் மாவு களியாகிவிடும். பால் இல்லை, மோர் என்று யாருக்கோ தோன்றும். நாக்குக்கு விடை தெரியும், ஆனால் அது கேட்டதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் மட்டுமே சொல்லும். தானாக எதையும் சொல்லாது. ஐந்தாறு தட்டுகளுக்குப் பிறகு ஒன்று ஏறக்குறைய வந்து சேரும். அந்தப் பொழுதில் அவர்களுக்கு நடுவே ஒரு சிறுவன் நாற்காலி மேல் ஏறி நின்று, மாவுக்குள் விரலை விட்டு, உதிர்கிறதா ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.